நேட்டாலுக்குக் கப்பலேறிய பெரிய பாட்டன்: டர்பன் குடும்பம் எங்கள் பங்காளிதானா?

கருப்பட்டிக்காரன் (சாயல்குடி):

வணக்கம். என் பாட்டனுக்குப் பாட்டனுடைய அண்ணன் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை. எங்கள் கடற்கரையிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் இலங்கைக்கும் பினாங்குக்கும்தான். ஆனால் இவர் போனது தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்கு என்று என் அப்பத்தா அடித்துச் சொல்லும். கூடப் போன ஒருவர் தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தியே ஊர் திரும்பி, "அவன் அங்கேயே குடியும் குடித்தனமுமா இருக்கான், வரமாட்டான்" என்று சொன்னாராம்.

இப்போது அங்கே டர்பனிலிருந்து ஒரு குடும்பம் முகநூலில் எங்களைப் பிடித்துவிட்டது. தமிழ் பேச வராது, காவடி மட்டும் விடாமல் எடுக்கிறார்கள். அவர்கள் மூதாதை மதுரை ஜில்லாக்காரராம். பெயர் ஒத்துப்போகிறது, ஆனால் அந்தப் பெயர் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. பெரியவருடைய அப்பா பெயர் எங்களுக்குத் தெரியும். தாலுகா ஆபீஸில் அந்தக் காலத்து அடங்கல் எதுவும் இல்லை என்கிறார்கள். வேறு எங்கே பார்ப்பது?

தொண்டி வாத்தியார்:

அண்ணே, பாதி வேலையை உங்கள் அப்பத்தாவே முடித்துவிட்டது.

நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ. மதராஸிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1866-ல் ஆள் எடுப்பது நின்றுபோய், மறுபடி 1874-ல்தான் தொடங்கியது. ஒப்பந்தம் ஐந்து வருஷம். தாதுப் பஞ்சம் 1876-ல். 1874-ல் போனவர் பஞ்சத்துக்கு முன்னால் ஒப்பந்தம் முடித்து ஊர் வந்திருக்க முடியாது. முதல் தவணை ஆட்கள் திரும்பத் தொடங்கியதோ 1871-ல். அப்பத்தா சொன்னது சரியென்றால் உங்கள் பெரியவர் 1860–66-ல் போனவர். அந்தத் தவணையில் போனவர்கள் மொத்தமே ஆறாயிரத்துச் சொச்சம். 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்குள் தேட வேண்டியதில்லை.

கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு எண் உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு என்று எழுதியிருப்பார்கள். டர்பன்காரர்களிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அப்பா பெயரை. ஜில்லா மதுரை என்றிருப்பது பொருத்தம்தான், ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910-ல். சாதியை ரொம்ப நம்பாதீர்கள், குமாஸ்தா காதில் விழுந்ததுதான் அங்கே இருக்கும்.

தாலுகா ஆபீஸைக் குறை சொல்ல முடியாது. உங்கள் ஊர் சேதுபதி ஜமீன் சீமை. குடிகளிடம் வரி வாங்கியது ஜமீன், சர்க்கார் இல்லை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் சர்க்கார் அளந்து பட்டா போட்டது. 1860-ல் எந்தப் புஞ்சையை யார் உழுதார் என்று அங்கே எப்படி இருக்கும்?

பரமக்குடிப் பொண்ணு (டர்பன்):

ஐயா, நான் இங்கேதான் இருக்கிறேன். கப்பல் பட்டியலைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. இன்னொன்று, இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலம் நீச்சு வைத்திருந்தவர் என்றால் பெண்டாட்டி பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் கிடைக்கலாம். ஊர் திரும்பும் கப்பல் செலவுக்குப் பதிலாக நிலம் வாங்கிக்கொண்டு தங்கியவர்களும் கொஞ்சப் பேர் உண்டு.

வந்தவர்கள் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். பேரன் காலத்தில் அதுவே குடும்பப் பெயராகிவிடும். அதனால் அந்த வீட்டுக் குடும்பப் பெயரையும் பெரியவர் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொண்டி வாத்தியார்:

அண்ணே, கேட்க விட்டுப்போச்சு. உங்கள் குலதெய்வம் எது என்று அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் வாயே திறக்காதீர்கள். அவர்கள் வீட்டில் எந்தச் சாமிக்குப் படைக்கிறார்கள், எந்த மாதம், கிடா உண்டா, சைவமா என்று முதலில் கேளுங்கள். நாம் முந்திக்கொண்டு சொன்னால், சொந்தம் தேடி ஏங்கிப்போன ஜனம் "ஆமா, எங்க தாத்தாவும் அதைத்தான் சொல்வார்" என்று விடும். அவர்கள் பொய் சொல்வதில்லை, ஆசைதான் அப்படிப் பேச வைக்கும். இதே கடற்கரையில் ரெண்டு குடும்பம் இப்படிப் பங்காளி ஆகி, அப்புறம் அப்பா பெயர் வேறு என்று தெரிந்து முகம் பார்க்க முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கருப்பட்டிக்காரன்:

நல்லவேளை, இன்னும் சொல்லவில்லை தம்பி. பட்டியல் எண் வந்துவிட்டது. அப்பா பெயர் ஒத்துவருகிறது, வயது 22. ஊர்ப் பெயர் பாதி அழிந்திருக்கிறது, ‘சாயல்’ வரைக்கும் வாசிக்கலாம். இடது முழங்காலில் தழும்பு என்று போட்டிருக்கிறது, அதைச் சரிபார்க்க ஆளுக்கு எங்கே போவேன்!

குலதெய்வம் கும்பிடும் மாசிக் களரிக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். மாரியூர்ப் பெரியப்பா வீட்டில் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடக்கிறதாம். அண்ணன் பங்கு என்னவானது என்று அதில் ஒரு வரி இருந்தாலும் போதும். சாமிக் கேள்வியை இன்று ராத்திரி என் மகளை விட்டு இங்கிலீஷில் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.