புதுப்பிப்பு: மனநல மருத்துவப் பயிற்சியில் ஆராய்ச்சியும் செய்யலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மனநல மருத்துவம் படிக்க நினைக்கும் என் தங்கச்சி மகள் ஆராய்ச்சியும் செய்ய முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அவளுக்கு ரெஜிஸ்ட்ரார் (நிபுணராகப் பயிற்சி பெறும் மருத்துவர்) இடம் கிடைத்துவிட்டது!

பயிற்சி 4 ஆண்டுகள். ஆராய்ச்சி என்பது விருப்பப்பட்டால் செய்வதல்ல என்று இப்போதுதான் புரிந்தது. ‘தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள்’ என்ற அமைப்பு நடத்தும் நிபுணர் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. 2011இல் வந்த விதிப்படி எம்.மெட். என்ற மருத்துவ முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் முடித்தால்தான் நிபுணராகப் பதிவு செய்வார்கள். தலைப்பு, வழிகாட்டி, அறநெறிக் குழுவின் ஒப்புதல் என்று எழுதத் தொடங்குமுன்பே மாதக்கணக்கில் ஓடிவிடும். வார்டு வேலை, இரவுப் பணி நடுவில்தான் எல்லாம். முதல் ஆண்டிலேயே வழிகாட்டியைப் பிடித்துவிடு என்கிறார்கள் சீனியர்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அமெரிக்காவில் சில ரெசிடென்சிகளில் (அங்குள்ள நிபுணர் பயிற்சி) ஆராய்ச்சிக்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். அங்குள்ள தேசிய மனநல நிறுவனம் அதற்கு ஆர்25 என்ற நிதியும் தருகிறது. இங்குள்ள பிள்ளைகளுக்கும் அந்த நேரம் கட்டாயம் வேண்டும்.

டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதி இளையோரின் தற்கொலை முயற்சிகளைப் பற்றி ஆராய அவளுக்கு ஆசை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் எம்.மெட். முடித்தவர்கள் இருந்தால், வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள், அவளிடம் காட்டுகிறேன்.