பேச பட்டனை அழுத்தினால் வயர்லெஸ் செட் அணைந்துவிடுகிறது (புது வயர் போட்ட பிறகு)

பாம்பன் வத்தை:
அண்ணன்மாரே, ஒரு உதவி. எங்க ஃபைபர் நாட்டுப்படகுல 25 வாட் விஎச்எஃப் செட் (படகுக்குப் படகு பேசற வயர்லெஸ்) இருக்கு. மூணு வருஷமா ஒரு குறையும் வச்சதில்ல. போன மாசம் பழைய வயர் பச்சையா பூத்து நொறுங்குதேன்னு புதுசு இழுத்தேன். அன்னிக்கு ஆரம்பிச்சது தலைவலி. சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா எல்லாம் சுத்தமா விழுது. நான் பேச பட்டனை அழுத்துனா டிஸ்ப்ளே மங்கி, 'டிக்'குன்னு ஒரு சத்தம், செட்டு செத்துப் போகுது. பட்டனை விட்டா உசுரு வருது.

பேட்டரி 12 வோல்ட், புதுசு. இஞ்சின் பக்கத்துல பின்னால இருக்கு. செட்டு முன்னால கேபின்ல. செட்டைக் கழட்டி ஒரு கடையில காட்டுனேன். மேசையில வச்சா நல்லாத்தான் பேசுது. ஆனா "போர்டு வீக், மாத்திடலாம்"னு சொல்றாங்க. செட்டு விலையில பாதி கேக்குறாங்க. மாத்தவா?

கீழக்கரை ரேடியோ:
மாத்தாதீங்க தம்பி. மேசையில பேசுற செட்டு படகுல பேசலன்னா குத்தம் செட்டுல இல்ல, வர்ற வழியில. கேக்கும்போது அது அரை ஆம்பியர்தான் இழுக்கும். 25 வாட்ல பேசும்போது 5, 6 ஆம்பியர் வேணும்.

முதல்ல பவரை 1 வாட்டுக்கு இறக்கிட்டு பேசிப் பாருங்க. பேசுச்சுன்னா கரண்டு வழியில சாகுதுன்னு அர்த்தம். அப்புறம் செட்டைக் கழட்டிட்டு அந்த வயர் முனையில ஒரு கார் ஹெட்லைட் பல்பை மாட்டி எரிய விடுங்க. அது 5 ஆம்பியர் பக்கம் இழுக்கும். எரியும்போதே வோல்ட் மீட்டரை பேட்டரி முனையில ஒரு தடவை, பல்பு முனையில ஒரு தடவை வைங்க. பல்பு இல்லாம அளந்தா ரெண்டு இடத்துலயும் ஒரே நம்பர்தான் காட்டும், ஏமாந்துருவீங்க.

பாம்பன் வத்தை:
1 வாட்ல பேசுது காக்கா (அண்ணே)! பல்பு வச்சும் பாத்தேன். பேட்டரியில 12.4. பல்பு முனையில 10.1. பல்பும் சோகை புடிச்ச மாதிரி மஞ்சளாத்தான் எரியுது.

உச்சிப்புளி வயர்மேன்:
2.3 வோல்ட்டு நடுவுல தொலையுது. வயர் என்ன சைஸு, எத்தனை மீட்டர், எங்கெங்க ஜாயின்ட்டு?

பாம்பன் வத்தை:
1.5 ஸ்கொயர்னு (சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு) மேல அச்சு போட்டிருக்கு. பின்னாலேருந்து முன்னால வரைக்கும் 9 மீட்டர். பேட்டரி பக்கம் எட்டலைன்னு பழைய செம்பு வயர்ல ஒரு முழம் விட்டு, ரெண்டையும் முறுக்கி டேப் சுத்திட்டேன். பல்பு எரியும்போது அந்த டேப்பு மேல கை வச்சா வெதுவெதுன்னு இருக்கு.

உச்சிப்புளி வயர்மேன்:
9 மீட்டர்னா போக 9, வர 9, ஆக 18 மீட்டர் கணக்கு. இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. நல்ல செம்புல 1.5 ஸ்கொயர், 18 மீட்டருக்கு 0.2 ஓம் தடை வரும். 5 ஆம்பியர் போனா 1 வோல்ட் குறையும். உங்களுக்கு 2.3 குறையுது. ஜாயின்ட்டையே குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. வயர் முனையை உரிச்சு ஒரே ஒரு இழையை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள என்ன நிறம்?

பாம்பன் வத்தை:
வெள்ளை!! மேல மட்டும் செம்பு நிறம், சுரண்டுனா வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு. அடப்பாவிங்களா. கட்டு கையில தூக்குறப்பவே லேசா இருக்கேன்னு நெனச்சேன், விலையும் பாதிதான். நல்லதா அமைஞ்சதுன்னு சந்தோசப்பட்டேன்.

உச்சிப்புளி வயர்மேன்:
செம்பு முலாம் பூசுன அலுமினியம். சிசிஏன்னு சொல்லுவாங்க. பாக்க செம்பு, எடையில பாதிகூட இருக்காது. அதே 18 மீட்டருக்கு இதுல 0.32 ஓம் கிட்ட வரும். 5 ஆம்பியருக்கு 1.6 வோல்ட். மிச்சம் 0.7 எங்க போச்சு? நீங்க கை வச்ச டேப்புக்குள்ள. 0.7 வோல்ட்டை 5 ஆம்பியரால பெருக்குங்க, மூன்றரை வாட்டு. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை இஞ்சின் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கீங்க தம்பி. டீசல் இருக்கற இடம் அது. நாளைக்கே பிரிங்க.

மண்டபம் மச்சான்:
அலுமினியம்னா என்ன குத்தம் அண்ணே? ஊரு பூரா போஸ்ட்ல ஓடுற லைன் கம்பி அலுமினியந்தானே?

உச்சிப்புளி வயர்மேன்:
அலுமினியத்து மேல குத்தம் இல்ல மச்சான். செம்பு 100 கடத்துனா அலுமினியம் 61. அதனால கம்பியோட குறுக்குவெட்டை ஒன்றரை மடங்குக்கு மேல பெருசாப் போடுவாங்க. அப்படிப் போட்டும் எடை செம்புல பாதிதான் வரும். போஸ்டுக்கு போஸ்ட் தொங்குற கம்பிக்கு அது பெரிய லாபம், இழுவை தாங்க நடுவுல எஃகு இழையும் இருக்கும். படகுல தூக்கிக் கட்டுறதுக்கு என்ன இருக்கு?

விஷயம் ஜாயின்ட்டுல. அலுமினியம் காத்துப் பட்ட உடனே மேல ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் போத்திக்கும், அந்தத் தோல் கரண்டை விடாது. செம்போட சேத்து முறுக்கி அதுல உப்புத்தண்ணி பட்டா அதுவே ஒரு குட்டி பேட்டரி. ரெண்டுல அலுமினியந்தான் கரையும்.

பாம்பன் வத்தை:
டேப்பைப் பிரிச்சேன். உள்ள வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது. கடல் உப்புன்னு நெனச்சு தண்ணி ஊத்துனேன், கரையவே இல்ல. நீங்க சொன்னதுதான்போல. ரெண்டு இழை கையோட வந்துருச்சு. ஒரு மாசத்துல இப்படியா?

கீழக்கரை ரேடியோ:
1914-ல திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரிச்சு 2022-ல ரயிலை நிறுத்த வச்ச காத்து தம்பி அது. உங்க முறுக்கு ஒரு மாசம் தாங்கினதே பெருசு.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? பழைய வயர்ல பாசிட்டிவ்தான் முதல்ல களிம்பு பிடிச்சிருக்கும். ரெண்டு முனைக்கும் நடுவுல ஈரம் இருந்தா பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு அந்த ஈரத்துல கரைஞ்சு போகும். கடல் தண்ணி கரண்டைக் கடத்தும்னு சொல்றோம், ஆனா செம்போட ஒப்பிட்டா கோடி மடங்கு மட்டம். செட்டை ஓட்ட அது உதவாது, வயரைத் தின்ன அது போதும்.

மண்டபம் மச்சான்:
சரி, துருப்பிடிக்காத பொருளாப் போடுவோம். வெள்ளிதான் உலகத்துலயே நல்லாக் கடத்தும்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சேன். வயர் முனையை ஒரு எவர்சில்வர் போல்ட்டுல இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு மாட்டி நட்டை இறுக்கிட்டா துருவும் இல்ல, கரண்டும் பிச்சுக்கிட்டுப் போகும். பேர்லயே சில்வர் இருக்குல்ல 😄

தொண்டி டீச்சர்:
சிரிச்சுக்கிட்டு சொன்னாலும் இதை நிஜமாவே நம்புறவங்க இருக்காங்க, அதனால எழுதுறேன். எவர்சில்வர்ல வெள்ளி ஒரு குந்துமணி கூடக் கிடையாது. இரும்போட குரோமியமும் நிக்கலும் சேர்ந்தது. 1913-லேர்ந்து உலகம் முழுக்க பதப்படுத்தின செம்பை 100-ன்னு வச்சு மத்ததை அளக்குறாங்க. அந்தக் கணக்குல வெள்ளி 106, தங்கம் 70, அலுமினியம் 61, பித்தளை ஒரு 28, இரும்பு 17, ஈயம் 8. எவர்சில்வர்? ரெண்டரைகூட வராது. இரும்பை விட மோசம். கலப்பு உலோகத்துல பலவகை அணுக்கள் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறதால எலக்ட்ரான் தடுக்கித் தடுக்கித்தான் போகணும்.

வெள்ளிக்கும் செம்புக்கும் வித்தியாசம் வெறும் 6. அந்த ஆறுக்கு வெள்ளி விலை கொடுப்பாங்களா? தங்கம் செம்பை விட மட்டம்தான், ஆனா களிம்பே பிடிக்காது. அதனால சிம் கார்டு, பிளக் முனை மாதிரி தொட்டுக்கற இடத்துல மட்டும் முலாமாப் பூசுறாங்க.

உச்சிப்புளி வயர்மேன்:
டீச்சர் சொன்னது சரி. எவர்சில்வர் போல்ட் போடுங்க, வேணாங்கல, ஆனா கரண்டு போல்ட்டு வழியாப் போகக்கூடாது. ரெண்டு லக்கும் (வயர் முனையில மாட்டற ஓட்டை வச்ச உலோகத் துண்டு) முகத்தோட முகம் ஒட்டி இருக்கணும், நடுவுல வாஷர் வைக்காதீங்க. போல்ட் வேலை ரெண்டையும் அமுக்கிப் பிடிக்கறது மட்டும்தான். நான் பாத்த படகுல பாதி, லக்குக்கு நடுவுல எவர்சில்வர் வாஷர் மாட்டியிருக்கும்.

பாம்பன் வத்தை:
4 ஸ்கொயர் செம்பு வயர் வாங்கிட்டேன், இந்தத் தடவை கடையிலேயே சுரண்டிப் பாத்துத்தான். கடைக்காரர் மொறைச்சாரு. ஈயம் வச்சு லக்கைப் பத்தவைக்கலாம்னு 25 வாட் அயர்னை வச்சேன், பத்து நிமிசம் ஆகியும் ஈயம் உருகவே இல்ல. ஆனா ஒரு சாண் தள்ளி வயரைப் புடிச்சிருந்த என் விரல் சுட்டுருச்சு. அயர்ன் கெட்டுப் போச்சா?

தொண்டி டீச்சர்:
அயர்ன் நல்லாத்தான் இருக்கு, செம்பு தன் வேலையைச் செய்யுது. உலோகத்துல கரண்டைச் சுமக்கற அதே எலக்ட்ரான்தான் சூட்டையும் சுமக்குது. அதனால ஒண்ணுல கெட்டி, இன்னொண்ணுலயும் கெட்டி. 1853-லயே வீடெமான், ஃபிரான்ஸ்ன்னு ரெண்டு ஜெர்மன்காரங்க இதை அளந்து காட்டிட்டாங்க. நீங்க ஒரு முனையில கொடுத்த சூட்டை அது உங்க விரல் வரைக்கும் பங்கு போட்டுக் கொடுத்துருச்சு. செம்பு வெப்பத்தைக் கடத்துறது 400-ன்னா அலுமினியம் 237, இரும்பு 80, எவர்சில்வர் 16. (ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு இத்தனை வாட் என்ற கணக்கு.)

அடுப்பங்கரையில தினம் பாக்கறதுதான். மெல்லிசான எவர்சில்வர் சட்டியில மீன் குழம்பு வச்சா தீ படற இடத்துல மட்டும் அடிப்பிடிக்கும், ஓரத்துல கொதியே வராது. சூடு பக்கவாட்டுல பரவத் தெரியாது அதுக்கு. அடியில செம்பு பூசி விக்கறது அதுக்குத்தான். அதே காரணத்தால எவர்சில்வர் கரண்டியை குழம்புலயே விட்டாலும் காம்பைப் பிடிக்க முடியுது, அலுமினியக் கரண்டின்னா துணி தேடணும்.

இந்த விதிக்கு வம்புக்குன்னே ஒருத்தர் இருக்காரு, வைரம். வெப்பத்துல செம்பை மாதிரி அஞ்சு மடங்கு, கரண்டுல கல்லு. அங்க சூட்டைச் சுமக்கறது எலக்ட்ரான் இல்ல, அணுக்களோட அதிர்வு.

உச்சிப்புளி வயர்மேன்:
தம்பி, ஈயம் வேணாம். படகு அதிர்ற இடம். ஈயம் ஊறின வயர் கம்பி மாதிரி விறைச்சுக்கும், ஈயம் முடியற இடத்துல ஒடியும். நல்ல கிரிம்பிங் டூல் இரவல் வாங்கி லக்கை நசுக்குங்க. இழுத்துப் பாத்தா வரக்கூடாது. மேல உள்பக்கம் பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கற குழாய்) போட்டு சுருக்குங்க, வெறும் டேப் ஈரத்தை உள்ளயே பூட்டி வச்சுக்கும். லக் முகத்துல கொஞ்சம் வாசலின். ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துல, ஒரு சாணுக்குள்ள இருக்கட்டும். நடுவுல ஒரு ஜாயின்ட்டும் வேணாம், பின்னாலேர்ந்து முன்னால வரைக்கும் ஒரே ஓட்டம்.

மண்டபம் மச்சான்:
படகு வயர்னு வெள்ளையா ஒண்ணு விக்கிறானே, வெள்ளீயம் பூசின செம்பு. டீச்சர் கணக்குல வெள்ளீயம் ரொம்ப மட்டமாத்தானே வரும், அதைப் போய் மேல பூசுறாங்க?

தொண்டி டீச்சர்:
நல்ல கேள்வி. வெள்ளீயம் 15 இருக்கும். ஆனா அது தாள் மாதிரி மெல்லிய தோல்தான், கரண்டு ஓடறது உள்ள இருக்கற செம்புல. தோலோட வேலை உப்பைச் செம்புகிட்ட விடாம வாசல்ல நிறுத்தறது. முலாம் பூசின ரெண்டு வயரையும் பாருங்க. ஒண்ணுல நல்லதை உள்ள வச்சு மட்டத்தை வெளிய பூசியிருக்கு. தம்பி வாங்கினதுல மட்டத்தை உள்ள வச்சு நல்லதை வெளிய பூசியிருக்கு.

பாம்பன் வத்தை:
முடிச்சிட்டேன். அந்த வெள்ளை வயர் இங்க கிடைக்கல, சாதா செம்புதான் போட்டேன். அடுத்த தடவை வெளியூர்லேர்ந்து வரவழைக்கணும். பேட்டரியில மாட்டற பழைய முனையை அம்மா குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சு நல்ல தண்ணியில கழுவிக் காய வச்சேன். பல்பு மாட்டி அளந்தா பேட்டரியில 12.4, முன்னால 11.9. பல்பு வெள்ளையா எரியுது. ஃப்யூஸ், லக் எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன், எதுவும் சுடல.

நேத்து ராத்திரி வடகடல்ல வலை போட்டுட்டு 25 வாட்ல மாமாவைக் கூப்பிட்டேன். "எதுக்குடா இப்படிக் கத்துற, பக்கத்து வள்ளத்துலயா இருக்க?"ன்னாரு. போர்டு மாத்தற காசு மிச்சம். காக்காவுக்கும் வயர்மேன் அண்ணனுக்கும் டீச்சருக்கும் நன்றி.

உச்சிப்புளி வயர்மேன்:
அந்த அலுமினிய வயரை என்ன பண்ணினீங்க? வேற படகுக்குக் குடுத்துராதீங்க.

பாம்பன் வத்தை:
இல்லண்ணே. அம்மா அதைக் கொல்லையில கட்டி கருவாடு தொங்கவிட்டுட்டாங்க.

மண்டபம் மச்சான்:
கருவாட்டுக்கு எத்தனை ஆம்பியர் வேணும் டீச்சர்?