304 எஸ்எஸ்: ஃபீடைக் குறைத்தும் ஃபினிஷ் வரவில்லை

கேள்வி:
லேத்தில் கடைவது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்எஸ்) ராடு, 28 மி.மீ. விட்டம், சக்குக்கு வெளியே 90 மி.மீ. நீட்டம். இன்செர்ட் (வெட்டும் கார்பைடு துண்டு) சிஎன்எம்ஜி 120408, அதன் நோஸ் (முனை வளைவின் ரேடியஸ்) 0.8 மி.மீ., 700 ஆர்பிஎம், ஃபீட் சுற்றுக்கு 0.15 மி.மீ., கடைசி கட் ஒரு பக்கம் 0.1 மி.மீ. ஆழம். டிராயிங் கேட்பது ஆர்ஏ (பரப்பின் சொரசொரப்பு அளவு) 0.8 மைக்ரான், வருவது 2.5. பரப்பு கிழிந்தாற்போல மங்கலாக இருக்கிறது. ஃபீடை 0.04 ஆக்கினால் இன்னும் மோசம். 0.4 நோஸுக்கு மாறலாமா?

பதில் 1:
முதலில் கணக்கைப் பாருங்கள். ஃபீடின் வர்க்கத்தை நோஸ் ரேடியஸின் 32 மடங்கால் வகுத்தால் ஏறத்தாழ ஆர்ஏ கிடைக்கும். ஃபீட் 0.15-க்கும் நோஸ் 0.8-க்கும் அது 0.88 மைக்ரான். மீதி முழுக்க முனையில் ஒட்டிப் பிய்கிற உலோகம் செய்யும் வேலை. உங்கள் வேகம் நிமிடத்துக்கு 62 மீட்டர்தான். கார்பைடுக்கு இது போதாது, 304 ஒட்டத்தான் செய்யும். 1700 ஆர்பிஎம் வைத்தால் 150 மீட்டர் வரும்.

அடுத்தது, 0.8 நோஸை வைத்துக்கொண்டு 0.1 எடுத்தால் முனை வெட்டாது, தேய்க்கும். தேய்த்த இடம் இறுகிவிடும். அடுத்த கட் அந்த இறுகிய தோல் மேலேயே ஓடும். 0.04 ஃபீடிலும் இதே கதைதான்: வெட்டி வரும் உலோகச் சுருளின் தடிமன் விளிம்பின் மழுக்கத்தைவிடக் குறைந்துபோகிறது. 0.4 ஆழம், 0.12 ஃபீட் வைத்துப் பாருங்கள்.

பதில் 2:
வேகம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் டெயில்ஸ்டாக் (மறுமுனைத் தாங்கி) இல்லாமல் 90 நீட்டத்துக்கு சிஎன்எம்ஜி போன்ற நெகட்டிவ் இன்செர்ட்டும் 0.8 நோஸும் ஜாப்பை வெளியே தள்ளும். சேட்டர் (அதிர்வு) வர வாய்ப்பு அதிகம். என் தேர்வு 0.4 நோஸ் உள்ள டிசிஎம்டி 11டி304 இன்செர்ட், எஸ்எஸ்ஸுக்கான பிவிடி கோட்டிங் (மெல்லிய பூச்சு), கூரான விளிம்பு. ஃபீட் 0.08 (கணக்கில் 0.5 மைக்ரான்), ஆழம் 0.25. நோஸ் சிறியதானால் ஃபீடும் இறங்கியே ஆகவேண்டும், 0.12-லேயே விட்டால் 1.1-க்கு மேல் போய்விடும்.

கேட்டவர்:
நன்றி சார். பழைய இன்செர்ட்டிலேயே 1700 ஆர்பிஎம், 0.4 ஆழம், 0.12 ஃபீட் ஓட்டினேன். ஆர்ஏ 1.0 வந்துவிட்டது, மங்கல் போய்விட்டது. ஆனால் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன.

பதில் 1:
லென்ஸில் கீறல்களின் இடைவெளியைப் பாருங்கள். சீராக 0.12 இருந்தால் முனையின் பின்விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறது. இன்செர்ட்டின் அடுத்த மூலைக்குத் திருப்புங்கள். ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் சுருள் ஜாப்பில் சுற்றி உரசுகிறது. அப்போது ஃபினிஷிங் சிப்பிரேக்கர் (சுருளை உடைக்கும் வடிவம்) உள்ள இன்செர்ட் போட்டு, கூலன்ட் முனையிலேயே விழும்படி நாசிலைத் திருப்புங்கள்.