வாய் குறுகிய கடைசல் கலத்துக்குக் 'குடைகலம்' என்ற சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மரத்தைச் சுழற்றி உளியால் உருக்கொடுக்கும் மரக் கடைசலில், வாய் சிறுத்து, வயிறு பருத்து, உட்புறம் முழுவதும் தோண்டப்பட்ட அலங்காரக் கலத்தை (ஆங்கிலத்தில் hollow form) 'உள்ளீடற்ற வடிவம்' என்று குறிக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. உள்ளீடற்றது என்றால் சாரமற்றது என்றே தமிழ்க் காது கேட்கும். ஒரு பேச்சையோ கட்டுரையையோ பழிக்கத்தான் அச்சொல்லை எடுக்கிறோம். 'பூச்சாடி' என்பதே போதும் என்பாரும் உளர். பூச்சாடி பயனால் வந்த பெயர். இத்தகைய கலங்கள் பலவற்றில் பூவும் வைப்பதில்லை, நீரும் ஊற்றுவதில்லை. எனவே செய்முறையைச் சுட்டும் பெயரே பொருந்தும்.

செய்முறையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மதுரைப் பக்கத்துப் பட்டறைகளில் கட்டில் கால், தொட்டில் கால் என்று உருட்டித் தருவதெல்லாம், சுழலும் மரத்தின் வெளிப்புறத்தை உளியால் சீவும் வேலை. அதற்குக் கடைசல் என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. கலத்தின் உட்புறமோ முற்றிலும் வேறு வேலை. மரத்தின் ஒரு முனையைச் சக்கில் (கடைசல் இயந்திரத்தின் பிடிப்பானில்) இறுகப் பிடித்து, மறுமுனையின் நடுவே துளையிட்டு, அந்தக் குறுகிய வாய் வழியே வளைந்த கழுத்துள்ள உளியை நுழைத்து, அதன் முனையைக் கண்ணால் காண முடியாத நிலையில் ஒலியையும் கையில் உணரும் அதிர்வையும் நம்பித் தோண்ட வேண்டியிருக்கிறது. உளியைச் சாய்த்து வைக்கும் தாங்கியைத் தாண்டி உளி நீள நீள நெம்பும் விசையும் கூடும். பச்சை மரமானால், சுவரை விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு விட்டு உலர வைத்து, அது கோணிய பிறகு இரண்டாம் முறை கடைந்து சீராக்குவதும் உண்டு.

இந்த உள்வேலைக்குக் குடைதல் என்பதைவிடப் பொருத்தமான வினை நம்மிடம் இல்லை. கடைசலுக்கு இணையாகக் 'குடைசல்' என்று ஆக்கலாமே என்று ஆசை எழும். ஆனால் அது குடைச்சல் என்றே வாசிக்கப்படும், கால் குடைச்சலும் குடைச்சல் கொடுப்பவர்களும் நினைவுக்கு வருவார்கள். ஆகவே வினைத்தொகையாகக் 'குடைகலம்' என்பதை முன்வைக்கிறேன். மலையைக் குடைந்து ஆக்கியதைக் குடைவரை என்கிறோம், திருப்பரங்குன்றத்திலும், பொ.ஆ. 770ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுள்ள ஆனைமலை நரசிங்கப் பெருமாள் கோயிலிலும் அச்சொல்லுக்குக் கண்கூடான பொருள் இருக்கிறது. கீழடி அகழாய்வுச் செய்திகளால் எல்லோருக்கும் பழகிவிட்ட சுடுமண் என்பதும் இதே அமைப்புதான்.

கையில் பிடிக்கும் குடையோடு இது குழம்பாதா என்ற ஐயத்துக்குப் புணர்ச்சியே விடை தருகிறது. பெயர்ச்சொல்லான குடை முன்னே நின்றால் குடைக்கம்பி என ஒற்று மிகும், வினைத்தொகையில் மிகாது. எனவே குடைகலம் என ஒற்றின்றி எழுதுவதை உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். பிழைதிருத்துவோர் பழக்கத்தில் ஒரு 'க்' சேர்த்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.

'செப்பு' என்ற மாற்று அழகானது, பழமையானது. குறுந்தொகையின் 9ஆம் பாடலில் சூடாத பூவை இட்டுவைக்கும் மூடிய கலமாக அது வருகிறது. ஆயினும் செப்பில் மூடி உள்ளடங்கியிருக்கிறது, செம்பு என்ற உலோகப் பொருளும் குறுக்கிடுகிறது. தவிர, நம் பக்கத்தில் மரச்செப்பு என்றால் சிறுமியர் சமைத்து விளையாடும் சாமான்தான். மூடியுள்ள குடைகலத்துக்கு மட்டும் அதை ஒதுக்கிவைக்கலாம்.

இனி, கலத்துக்கு நிறமேற்றுவது தொடர்பான சொற்களுக்கு வருகிறேன். சுங்குடிச் சேலையைப் போல மரத்தைச் சாயத்தில் தோய்ப்பதில்லை. கடைசல் இயந்திரத்தில் இருக்கும்போதே துணியால் தேய்த்து ஊறவிடுகிறார்கள். ஆகவே 'சாயம் தோய்த்தல்' வேண்டாம், 'சாயமேற்றல்' என்று கொள்ளலாம். சாயம் கரைந்து நாருக்குள் இறங்குவது. நிறமி கரையாத துகளாய் நுண்துளைகளில் தங்குவது. இரண்டையும் வண்ணம் என்று எழுதிவிட்டால், நாருக்குக் குறுக்கே வெட்டிய முகம் ஏன் கூடுதலாக உறிஞ்சிக் கருக்கிறது, முதலில் கருஞ்சாயம் ஏற்றி உப்புத்தாளால் தேய்த்தெடுத்த பிறகு மேலே வேறு நிறம் ஏற்றினால் மரத்தின் ரேகைகள் ஏன் எடுப்பாகத் தெரிகின்றன என்பதையெல்லாம் விளக்கவே முடியாது. நீரில் கரையும் சாயம் நார்களைச் சிலிர்க்கச் செய்யும், சாராயத்தில் கரைவது விரைவில் உலரும். இவற்றுக்கு நீர்ச்சாயம், சாராயச்சாயம் என்ற எளிய சொற்களே போதும்.

மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற கர்நாடகத்துச் சென்னபட்டணத்து முறையை மட்டும் சாயமேற்றலில் சேர்க்கக் கூடாது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே நிறம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள்; உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மேலே படிகிறது, பின்னர் தாழையோலையால் மெருகேற்றுகிறார்கள். அது நாருக்குள் இறங்குவதன்று, மேலே படியும் அரக்குப் பூச்சு, அப்பெயரே இருக்கட்டும்.