புளியரை ரோட்டு சிப்ஸ் கடை, கூட்டம் இருக்கு கல்லால காசு நிக்கல

பார்டர்கடை:
அண்ணாச்சிமாரே, செங்கோட்டைல இருந்து கேரளா பார்டர் புளியரை போற ரோட்டுல நம்ம கடை. நேந்திரம் சிப்ஸ் போடுதோம், கூடவே மிக்சர், அல்வா, ஜூஸ், ரீசார்ஜ், பிளாஸ்டிக் பொம்மைன்னு எல்லாம் கெடக்கு. குத்தால சீசன்லயும் சபரிமலை சீசன்லயும் கூட்டத்துக்கு கொறையில்ல, ஆனா மாசக் கடைசில கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு. வேலைக்கு நிக்கிற பயலுவ எப்பப் பாத்தாலும் போனை நோண்டிக்கிட்டு இருக்கானுவ. தென்காசில மோட்டிவேஷன் கிளாஸ் நடத்துதாவளாம், கூட்டிட்டுப் போனா திருந்துவானுவளா?

கம்பத்துக்காரன்:
கிளாசுக்கு கட்டுற காச அவய்ங்களுக்கே பேட்டாவா குடுங்க, அன்னைக்காவது சிரிச்ச மூஞ்சியா நிப்பாய்ங்க 😄 மொதல்ல ஒரு மாசம் ஐட்டம் வாரியா நோட்டு போடுங்கண்ணே, காய், எண்ணெய், கேஸ், கூலி, நமத்துப் போய் தூக்கிப் போட்டதுன்னு எல்லாம் கழிச்சு எதுல எவ்ளோ நிக்கிதுன்னு பாருங்க. குமுளில எங்க மாமா மசாலா கடையில இப்பிடி எழுதிப் பாத்தா ஏலக்காயும் மிளகுந்தான் சோறு போடுது, மத்ததெல்லாம் சும்மா ரேக்க அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு.

களியக்காவிளை சேட்டன்:
நோட்டு சரிதான், ஆனா ஒங்க கஸ்டமரு யாருன்னு பாத்தியளா? மலையாளத்தான் ஊருல இல்லாத சிப்ஸா, அவன் ஒங்ககிட்ட நின்னு வாங்க மாட்டான். சாமிமாரும் மலைக்குப் போகும்போது வாங்க மாட்டாவ, எறங்கி வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வண்டிய நிறுத்துவாவ, அதனால போர்டு கேரளால இருந்து வாற வண்டிக்குத் தெரியணும். பொம்மைய தூக்கிட்டு அந்த எடத்துல சட்டிய வாசலுக்கு கொண்டாங்க, காய நேரா எண்ணெயில சீவி விட்டு மஞ்ச உப்புத் தண்ணி தெளிக்கும்போது எழும்புற அந்த சத்தமும் தேங்காயெண்ண மணமும் போதும், வேற விளம்பரமே வேண்டாம். நல்லா சீவுற பயலுக்கு அந்தச் சட்டிய முழுசா ஒப்படைச்சு கிலோவுக்கு இவ்வளவுன்னு தனியா குடுங்க, போன் தானா பைக்குள்ள போவும். ஓணத்துக்கு முன்ன நேந்திரங்கா வெல ஏறும், பழைய ரேட்டுலயே வித்துக்கிட்டு இருக்காதீங்க.

கம்பத்துக்காரன்:
சட்டி ஐடியா சூப்பர். ஆனா ஜூஸ எடுத்துராதீங்கண்ணே, சீசன் இல்லாத மாசம் உள்ளூர்க்காரங்கதான் கடைய ஓட்டணும்.

பார்டர்கடை:
பொம்மைக்கு இன்னைக்கே விடை குடுத்தாச்சு. ரீசார்ஜ விடத்தான் மனசு வரல, பாப்போம். இன்னொண்ணு, கேரளா புனலூர்ல ரெண்டு பேக்கரில மொத்தமா சரக்கு கேக்காவ, நமக்கு ஜிஎஸ்டி காம்போசிஷன் (சின்ன யாவாரிமாரு விக்கிறதுல ஒரு சின்ன பங்க மட்டும் வரியா கட்டுற திட்டம்), குடுக்கலாமா?

களியக்காவிளை சேட்டன்:
காம்போசிஷன்ல இருந்துக்கிட்டு வெளி மாநிலத்துக்கு சரக்கு அனுப்ப முடியாது, ரெகுலருக்கு, அதாவது சாதாரண ஜிஎஸ்டிக்கு மாறணும். ஒங்க கடைக்கே வந்து கையோட வாங்கிட்டுப் போறவன் கேரளாக்காரனா இருந்தாலும் அது உள்ளூர் யாவாரந்தான், அதுக்கு பயப்படாதீங்க. மாறினா கணக்கு, பில்லு, ஆடிட்டர் செலவுன்னு எல்லாம் ஏறும், ரெண்டு பேக்கரி ஆர்டருல அது கட்டுமான்னு ஆடிட்டரோட ஒக்காந்து பாருங்க. நானா இருந்தா இந்த கார்த்திகை ஒண்ணுல இருந்து மகரவிளக்கு வர வாசல் யாவாரத்த மட்டும் பிடிச்சு நிறுத்திட்டுத்தான் புனலூர் பக்கம் திரும்புவேன்.