அட்டையில் வரி போதாத தாய்மார்

முல்லைத்தீவுக் கரையோரத்தில் குடும்பநல மாதுவாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். பிள்ளைகள் நிறையப் பெற்ற குடும்பங்களைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்பதையும், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் மனத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதையும் கிளினிக் வாங்கிலும் வீட்டு முற்றங்களிலும் இருந்து அறிந்திருக்கிறேன். என்னை விட்டு அகலாத சிலவற்றை எழுதுகிறேன். ஆட்களை இனங்காட்டும் விபரங்களைத் தவிர்த்துள்ளேன்.

கத்தோலிக்க மீனவக் குடும்பத்துத் தாய் ஒருவர் ஒன்பதாவது முறையாகக் கருவுற்று வந்திருந்தார். அவருடைய கர்ப்பகாலப் பதிவு அட்டையில் முன்னைய பிரசவங்களை எழுதும் வரிகள் போதாமையால், கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, மிச்சத்தை அதில் எழுதி, அட்டையோடு சேர்த்துக் குத்திக் கொடுத்தேன். அந்தத் தாளைக் கண்ட பக்கத்திலிருந்த பெண், "என்னக்கா, இன்னும் ஒண்டோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்க, வாங்கு முழுவதும் சிரித்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. தாளை உள்ளே மடித்து அட்டையைப் பைக்குள் வைத்தார். அடுத்த மாதக் கிளினிக்குக்கு அவர் வரவில்லை.

ஐந்துக்கு மேற்பட்ட பிரசவங்களைக் கண்ட கருப்பை, பிள்ளை பிறந்த பின்னர் சரிவர இறுகாமல் போய், இரத்தம் நிற்காமல் பெருகும் ஆபத்து அதிகம். அவருக்கு இரத்தச்சோகையும் இருந்தது. கிளினிக்குக்கு மற்றெவரையும்விட அவரே கட்டாயம் வரவேண்டியிருந்தது. அவரைத்தான் அந்தச் சிரிப்பு வீட்டோடு நிறுத்திவிட்டது. அன்று அந்தப் பெண்ணை நான் கண்டிக்காமல் விட்டதை இன்றும் என் குற்றமாகவே கருதுகிறேன்.

வீட்டுக்குத் தேடிப் போனேன். மாமியார் என்னை இருத்தித் தேநீர் தந்துவிட்டு, "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான், மிஸி" என்றார். மருமகளோ, மாமியார் குசினிக்குள் போகும்வரை காத்திருந்து, "ஆண்டவர் தாறதை வேண்டாமெண்டு சொன்னால் பாவமெல்லே?" என்று மெதுவாகக் கேட்டார். அது பதில் தேடிக் கேட்ட கேள்வி என்பது எனக்கு விளங்கியது. ஆனால், மாமியார் திரும்பி வந்துவிட்டதால் பேச்சு அத்துடன் நின்றது.

சமயத்தின் பெயரால் ஊரில் சொல்லப்படுபவற்றுக்கும் சமயங்கள் உண்மையில் சொல்பவற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அதன் பின்னரே தேடிப் படித்தேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை மறுக்கிறது. ஆனால், தக்க காரணமிருந்தால் கருத்தரிக்காத நாட்களைக் கணித்துப் பிள்ளைப்பேற்றை இடைவெளிவிட அதே மடல் இடமளிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து திரும்பும் வழியில், நல்ல கத்தோலிக்கராயிருக்க முயல்களைப்போலப் பெற வேண்டியதில்லை என்றே சொன்னார்.

எங்கள் பகுதியிலிருந்த சிறிய சபையொன்றின் போதகருடைய மனைவி, பிள்ளைகளைப் பலவானின் கையிலுள்ள அம்புகளுக்கு ஒப்பிடும் 127ஆம் சங்கீதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அதே சங்கீதத்தில் வரும் அம்பறாத்தூணியின், அதாவது அம்புக்கூட்டின், பெயரையே தாங்கி, எந்தக் கருத்தடையையும் ஏற்காத இயக்கமொன்று 1980களில் அமெரிக்கப் புரட்டஸ்தாந்தர் சிலரிடையே வேரூன்றியது. ஆனால், இந்த அம்மாவின் ஆறு பிள்ளைகளும் நல்ல இடைவெளியுடன் பிறந்தவர்கள், அவர் விரும்பிப் பெற்றவர்கள். அவரிடம் நான் குறை காணவில்லை. சைவக் குடும்பங்களில் 'பதினாறும் பெற்று' என்ற வாழ்த்தைப் பிள்ளைகளின் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது பதினாறு பேறுகளைக் குறிப்பதாகவே பெரியோர் பொருள் சொல்வர்.

2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னர் வன்னியில் பேச்சு வேறாகிவிட்டது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, அந்த மே மாதத்துக்குள் மூவரை இழந்து, செட்டிகுளம் முகாமிலிருந்து இருவருடன் ஊர் திரும்பிய தாய் ஒருவர் மீண்டும் கருவுற்றபோது, வந்தவர்களெல்லாம் "போனதுக்குப் பதிலா ஆண்டவன் தாறான்" என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவரோ பிள்ளைகளின் எண்ணிக்கையை எழுத நான் பேனாவை எடுத்தபோது, "இதை ஆறாவது எண்டு எழுதுங்கோ மிஸி, மூண்டாவது எண்டு எழுதாதேங்கோ" என்றார். பிறந்த ஐவரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைத்தார்.

முன்பு ஒன்பது பிள்ளைகளைக் கண்டு சிரித்த அதே ஊர், இப்போது "எங்கட சனம் குறையுது, இரண்டோடு நிற்பாட்டாதேங்கோ" என்று இளம் பெண்களுக்குப் புத்தி சொல்கிறது. இந்த அச்சத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. 2013இல் கிளிநொச்சிக் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், பெண்களுக்குத் தகுந்த விளக்கமும் சம்மதமும் இன்றிக் கையில் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தபின், நாங்கள் எடைத் தராசைக் கொண்டுபோனாலும் கதவைத் திறக்கத் தயங்கிய வீடுகள் இருந்தன. அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனாலும் சிரித்த காலத்திலும் சரி, புத்தி சொல்லும் இந்தக் காலத்திலும் சரி, "உனக்கு எத்தனை பிள்ளை வேண்டும், உன் உடம்பு தாங்குமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டவரை நான் கண்டது மிக அரிது. எனக்கு மாறாத மனவருத்தம் இதுதான்.

ஒன்பதாவது பிள்ளை மாவட்ட வைத்தியசாலையில் சுகமாகப் பிறந்தது. தாய்க்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நாற்பது நாள் கழிந்து நான் போனபோது கணவரும் வீட்டில் இருந்தார். கடலுக்குப் போகாத நாள். முழுமையாகத் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதிருந்தால், முதல் ஆறு மாதங்களுக்கு அதுவே பெரும்பாலும் காப்பாகும் என்பதையும், அதன் பின்னர் நாட்களைக் கவனிக்கும் முறையையும், திருச்சபை இவற்றைத் தடுக்கவில்லை என்பதையும் இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். மற்ற முறைகளையும் மறைக்காமல் சொன்னேன். கணவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு எழுந்துபோய், சுவரில் தொங்கிய மடு மாதா படக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மனைவியின் மடியில் வைத்து, "நீ சொல்லு, நான் குறிக்கிறன்" என்றார். அந்தத் தாய் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு கணவரிடம் பென்சிலை வாங்கித் தானே குறிக்கத் தொடங்கினார்.