கேம்ஸ் பீரியடில் என் மகள் மட்டும் வகுப்பிலேயே: என்ன செய்யலாம்?

காவிரிக்கரை அம்மா (கும்பகோணம்):
மகளுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. மூளை முடக்குவாதம் இருப்பதால் சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போகிறாள். வலது கை ஓரளவு பிடிக்கும், இடது கையில் விறைப்பு. படிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கேம்ஸ் பீரியட் வந்தால் "எல்லார் பையையும் பார்த்துக்கோ" என்று அவளை வகுப்பில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் பிசியோதெரபி என்றாலே அழுகை. பொழுதுபோக்குச் சிகிச்சை என்று ஒன்று உண்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அது இன்னொரு தெரபியா, இன்னொரு ஃபீஸா? பள்ளியில் நான் என்ன கேட்பது?

சிறப்பாசிரியர் (வட்டார வள மையம்):
சகோதரி, முதலில் அந்தப் பைக் காவலை நிறுத்தச் சொல்லுங்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் வாய்ப்புத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். எழுதிக் கொடுங்கள்.

பொழுதுபோக்குச் சிகிச்சை அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டத்திலேயே ஒரு சேவையாக இருக்கிறது. குழந்தைக்கு எதில் ஆசை, எது கைக்கு எட்டுகிறது என்று பார்த்து, விளையாட்டை அதற்கேற்ப மாற்றிச் சொல்லிக் கொடுத்து, அப்புறம் தானே விளையாட விடுவார்கள். நம் பள்ளிகளில் இதற்கென்று தனி ஆளை நான் பார்த்ததில்லை. நாங்களும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்துதான் செய்கிறோம். தனி ஃபீஸ் எதுவும் வேண்டாம்.

உங்கள் மகளுக்கு நான் போச்சியாவைச் சொல்வேன். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்றே வளர்ந்த விளையாட்டு, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்து, 6 சிவப்பு, 6 நீலம். யாருடைய பந்து வெள்ளைக்குக் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கோலியில் குறி பார்க்கிற மாதிரிதான். எறியலாம், உருட்டலாம், காலால் தள்ளலாம். எதுவும் முடியாதவர்கள் சாய்தளத்தில் உருட்டிவிடுவார்கள். சாய்தளத்தைப் பிடிக்க ஓர் உதவியாளர் உண்டு, ஆனால் ஆட்டம் நடக்கும்போது அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கே குறி, எவ்வளவு சாய்வு எல்லாம் விளையாடுபவரின் முடிவு. எனக்கு இந்த விதி அவ்வளவு பிடிக்கும். காலை முதல் இரவு வரை நாம்தான் முடிவெடுத்துக் கொடுக்கிறோம், அந்தப் பிள்ளை எதையாவது தானே முடிவு செய்ய வேண்டாமா?

பந்துக்குச் செலவு செய்யாதீர்கள். பழைய சாக்ஸில் அரிசி நிரப்பித் தைத்தால் எறிவதற்குப் போதும், கைப்பிடிக்கும் நன்றாக அடங்கும். சாய்தளத்துக்கு 4 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து டென்னிஸ் பந்தை உருட்டலாம். உட்காரும்போது பாதம் இரண்டும் பலகையில் பதிந்திருக்கட்டும், கால் தொங்கினால் கைக்கு நிதானம் வராது. விசில் வேண்டாம். திடீர்ச் சத்தத்தில் உடம்பு திடுக்கிட்டு விறைத்துக்கொள்ளும், பந்து கையிலேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: அவள் எறியும்போது "கையை நல்லா நீட்டு" என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடமே அதுவும் எக்சர்சைஸ் ஆகிவிடும். குறி தப்பினால் அவளே கையை நீட்டுவாள்.

திருச்சி அப்பா:
என் பையனுக்கு ஆட்டிசம், அதனால் கதை வேறு. கூட்டமும் சத்தமும் ஆகாது. அவனுக்குப் பல்லாங்குழிதான். ஆரம்பத்தில் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்குவான், அவ்வளவுதான். பள்ளியின் சிறப்பாசிரியை அதைத் தடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அடுக்கினார். பிறகு 14 குழியில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு "உன் முறை, என் முறை" என்று கொண்டுவந்தார். இப்போது ஆச்சியோடு முழு ஆட்டம் ஆடுகிறான். எதையும் வாயில் போடும் குழந்தையாக இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தாலும்.

காவிரிக்கரை அம்மா:
ரொம்ப நன்றி. பி.டி. சாரிடம் பேசினேன். "ஒரு பிள்ளைக்காகத் தனியா ஒரு ஆள் போட முடியாதும்மா" என்கிறார்.

சிறப்பாசிரியர் (வட்டார வள மையம்):
தனி ஆள் எதற்கு? வராண்டாவில் சாக்பீஸால் கோடு போட்டு, நாலைந்து நாற்காலி போடச் சொல்லுங்கள். எல்லாரும் உட்கார்ந்துதான் எறிய வேண்டும் என்று விதி வைத்தால் ஓடத் தெரிந்த பிள்ளைக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. உங்கள் மகளுக்குக் குறி நன்றாக விழுந்தால் அவளைத் தங்கள் கட்சியில் சேர்க்க அவர்களே போட்டி போடுவார்கள். சாய்தளம் வேண்டியிருந்தால் ஒரு தோழி பிடிக்கட்டும், முதுகைக் காட்டிக்கொண்டு.

உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சொன்னால் சிறப்பாசிரியர் பள்ளிக்கே வந்து சாருக்கு ஒருமுறை செய்து காட்டுவார். தலைமையாசிரியரிடம் கொடுக்கும் கடிதத்துக்கு நகல் எடுத்து, அதில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.